பரணிலிருந்து இறங்கிய வழங்கி

கணினி செத்துவிட்டது என்று சொல்பவர்கள் வெவ்வேறான இரண்டு நிலைகளை ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று, சிறுவிளக்குகள் எரிந்து, திரை மட்டும் இருண்டே கிடப்பது ஒரு நிலை. அழுத்திய விரலுக்கு எந்தப் பதிலும் வராமல், விசிறியின் அசைவுகூட இல்லாமல் பெட்டி பெட்டியாகவே இருப்பது இன்னொரு நிலை. முதலாவதில் இயந்திரம் ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறது. பீப் ஒலிகளின் எண்ணிக்கையையோ விளக்குகளின் நிறத்தையோ வைத்து அதன் குறையை ஊகிக்கலாம். இரண்டாவதில் சான்று என்று எதுவும் கிடையாது. மின்சாரம் எதுவரை வந்து நின்றிருக்கிறது என்பதைச் சுவரிலிருந்து தொடங்கி நாமே தேடிக்கொண்டு போக வேண்டும். எங்கள் இலக்கிய வட்டத்தின் பழைய வழங்கி இந்த இரண்டாம் வகையில் சேர்ந்திருந்தது.

‘வழங்கி’ என்ற சொல்லை நாங்கள் பிடிவாதமாகவே புழங்கி வந்தோம். சர்வர் என்றால் திருநெல்வேலியில் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர்தான் முதலில் நினைவுக்கு வருவார், இதுவும் வழங்குகிற வேலையைத்தானே செய்கிறது என்று எங்கள் மூத்த நண்பர் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 2006இல் சென்னை ரிச்சி தெருவில் பழைய பொருளாக வாங்கப்பட்டு லாரி பார்சலில் வந்து சேர்ந்த கோபுர வடிவப் பெட்டி அது. 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இரண்டு ஜியான் செயலிகள், இரண்டு கிகாபைட் நினைவகம், ஒவ்வொன்றும் 73 கிகாபைட் கொள்ளும் மூன்று ஸ்கஸி வன்தட்டுகள். தூக்குவதற்கு இருவர் வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. பதினொரு ஆண்டுகள் இரவுபகலாக உழைத்த ஒன்றின்மேல் சொல்வதற்கு எங்களிடம் புகார் எதுவுமில்லை.

அச்சகத்து மாடியில் ஆறேழு பேர் கூடும் ஓர் அறைக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கீழே இருந்த அச்சகத்தின் பக்க வடிவமைப்புக் கோப்புகள், நாங்கள் தட்டச்சு செய்த பழைய சிறுபத்திரிகைக் கதைகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒலிப்பதிவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மேலே குறிப்பிட்ட மூத்த நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதைகள் எழுதுவார். வெளியிட்டவை மிகக் குறைவு. மாதாந்திரக் கூட்டத்தில் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து வாசிப்பார்; வாசித்து முடித்ததும் பெரும்பாலும் அங்கேயே நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அதை ஒரு கொள்கையாக அவர் எப்போதும் முன்வைத்ததில்லை. “இன்னும் சரியா வரல” என்பதற்கு மேல் விளக்கம் இருக்காது. எங்களில் ஒருவர் 2002இலிருந்து 2010 வரை அந்தக் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வந்தார். வழங்கி வந்தபின் அந்த நாடாக்களை எல்லாம் ஓடவிட்டு, ஒலியைக் கணினிக்கு மாற்றி அதில் சேர்த்தோம். மொத்தம் 41 மணி நேரம். அதில் ஒன்பது கதைகள் அவர் குரலைத் தவிர வேறு எங்கும் இல்லை.

அவர் 2013இல் மறைந்தார். மூல நாடாக்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இன்னொரு பிரதி வெளித்தட்டு ஒன்றில் சென்னை முடிச்சூரில் வசித்த நண்பரிடம் பத்திரமாக இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுத் தரைத்தளம் முழுகியபோது புத்தகங்களோடு அதுவும் போயிற்று. 2017இல் அச்சகத்து மாடியைக் காலி செய்தபோது வழங்கி பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டுப் பரணுக்கு ஏறியது. ஓடிக்கொண்டிருந்த நிலையில் முறையாக நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றித்தான் ஏற்றினோம். ஆசிரியரின் மகள் தந்தையின் கதைகளை ஒரு தொகுப்பாகக் கொண்டுவர விரும்பிக் கேட்டபோதுதான் அது மறுபடி கீழே இறங்கியது. சுவரில் செருகி அழுத்தினோம். அசைவில்லை.

வன்தட்டுகளைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் படித்துவிடலாமே என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். ஒரே தட்டு இருக்கும் வீட்டுக் கணினியில் அப்படிச் செய்யலாம். இதில் மூன்று தட்டுகளும் ரெய்டு 5 என்ற முறையில் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு கோப்பு எழுதப்படும்போது அது சிறு துண்டுகளாக்கப்பட்டு இரண்டு தட்டுகளில் பகிர்ந்து வைக்கப்படும். அந்த இரண்டு துண்டுகளிலிருந்தும் கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்புத் துண்டு மூன்றாவதில் போய் உட்காரும். அடுத்த வரிசையில் இந்த இடங்கள் மாறிவிடும். எனவே எந்த ஒரு தட்டிலும் முழுக்கதை கிடையாது. ஆனால் ஒரு தட்டு அடியோடு பழுதானாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்த சாவியில் இருவர் வந்தால் பெட்டி திறக்கும் என்பதுபோல. அந்தக் கணக்கைச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அட்டை. அந்த அட்டையும், அதைப் பொருத்தும் நீண்ட செருகுவாயும், எண்பது முனைகள் கொண்ட ஸ்கஸி இணைப்பும் இன்றைய கணினிகளில் இல்லை. தரவு மீட்பு நிறுவனம் ஒன்று கேட்ட தொகையோ எங்கள் வட்டத்தின் பல வருடச் சந்தாவைத் தாண்டியது. ஆக, அந்தப் பழைய பெட்டியையே எழுப்புவதுதான் வழி.

எங்களுக்கு வாய்த்தவர் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்து ஓய்ந்த ஓர் அண்ணாச்சி. வண்ணத் தொலைக்காட்சி வந்த காலத்திலிருந்து பாளையங்கோட்டையில் கடை வைத்திருந்தவர். தட்டையான திரைகள் வந்ததும் பழுதுபார்ப்பு என்பது பலகையை மாற்றுவது என்றாகிவிட, கடையை மூடிவிட்டார். எங்கள் வேண்டுகோளைக் கேட்டதும் அவர் சொன்னது: “கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாது தம்பி. கரண்டு போற வழி தெரியும். பெட்டியக் கொண்டாங்க.”

பெட்டியைத் திறந்ததும் தாய்ப்பலகையின்மேல் காய்ந்து சருகான ஒரு பல்லி கிடந்தது. விசிறிக் கூண்டுக்குள் அதன் இரண்டு முட்டைகள். எங்களில் இருவர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டனர்: பல்லிதான் மின்சுற்றைக் குறுக்கிட்டிருக்கிறது. நம் ஊர் மின்கருவிகளில் அது நடக்காத காரியமும் அல்ல. குளிர்பெட்டியின் பலகையில் பல்லி கருகிக் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் இருக்க மாட்டார். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்கிறது, தாய்ப்பலகையில் விழுந்தால் என்ன என்று சொல்லவில்லையே என்றார் கவிதை எழுதும் நண்பர். அண்ணாச்சி பல்லியை ஒரு தூரிகையால் எடுத்து வெளியே போட்டார். உடலில் கருகிய தடம் இல்லை, பலகையில் கரி இல்லை, இது குளிருக்கு ஒதுங்கிச் செத்த பல்லி என்று சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

சுவரிலிருந்து தொடங்குவது அவமானமான காரியமாகச் சிலருக்குத் தோன்றும். ஆனால் பழுதுபார்ப்பில் அதுவே முறை. மின்செருகுவாயில் 228 வோல்ட் இருந்தது. மின்கம்பியின் இரு முனைகளுக்கும் தொடர்ச்சி இருந்தது. பெட்டியின் பின்புறச் சுவிட்சும் சரி. அடுத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு முன்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிந்தால் சில இயந்திரங்கள் தாமாகவே சரியாகிவிடும். இது ஆகவில்லை.

பிறகு கடிகார மின்கலம். காசு வடிவில் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிஆர்2032. மூன்று வோல்ட் இருக்க வேண்டியதில் 0.4 இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அது தீர்ந்துபோனதில் வியப்பில்லை. அது தீர்ந்தால் இயந்திரம் நாளையும் நேரத்தையும் சில அமைப்புகளையும் மறக்கும்; பெரும்பாலான பலகைகளில் அதனால் மின் ஏறுவது தடைப்படாது. இருந்தாலும் புதியது போட்டோம்.

இந்த இடத்தில் ஒரு சிறு விளக்கு முக்கியமானது. இவ்வகைக் கணினிகளில் முன்பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப்போல மின்சாரத்தை நேரடியாக வெட்டுவதோ இணைப்பதோ இல்லை. அது ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. பெட்டி அணைந்திருக்கும்போதும், சுவரில் செருகியிருக்கும் வரையில், மின்வழங்கிக்குள் ஒரு சிறு சுற்று விழித்திருந்து ஐந்து வோல்ட்டைத் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து வோல்ட்டில் உயிர்த்திருக்கும் பலகைதான் பொத்தான் அழுத்தப்பட்டதைக் கவனித்து, பச்சைக் கம்பி ஒன்றைத் தரை மின்னழுத்தத்துக்கு இழுத்து, “இனி முழு மின்சாரமும் தரலாம்” என்று மின்வழங்கிக்குச் சொல்கிறது. மின்வழங்கி எல்லா மின்னழுத்தங்களையும் நிலைப்படுத்திய பின் சாம்பல் நிறக் கம்பி வழியாக “எல்லாம் நலம்” என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வரும்வரை செயலி ஓர் அடிகூட எடுத்து வைக்காது. இவ்வளவு சம்பிரதாயமும் அரை நொடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் வழங்கியின் தாய்ப்பலகையில், அந்த ஐந்து வோல்ட் வந்துகொண்டிருந்தால் எரிய வேண்டிய பச்சைச் சிறுவிளக்கு எரியவில்லை. பொத்தான், செயலி, நினைவகம் எல்லாவற்றின் மீதிருந்த சந்தேகமும் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. ஒன்று, மின்வழங்கிக்குள் விழித்திருக்க வேண்டிய சுற்று விழிக்கவில்லை. அல்லது பலகையில் எங்கோ குறுக்குச் சுற்று ஏற்பட்டு அந்த ஐந்து வோல்ட்டைக் குடித்துவிடுகிறது. இரண்டில் எது என்று அறிய மின்வழங்கியைப் பலகையிலிருந்து முற்றாகப் பிரித்து அளக்க வேண்டும். ஊதாக் கம்பியில் 1.1 வோல்ட். பலகையின் தொடர்பு அறுந்த பிறகும் ஐந்துக்கு ஏறவில்லை. குற்றம் மின்வழங்கியிடம்தான்.

வேறொரு மின்வழங்கியை மாட்டிவிடலாம் என்று நாங்கள் சொன்னதை அண்ணாச்சி ஏற்கவில்லை. பழைய வழங்கிகளில் இணைப்பான் பார்ப்பதற்கு வழக்கமானது போலவே இருக்கும், ஆனால் கம்பிகளின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறியிருக்கும். வீட்டுக் கணினியின் மின்வழங்கியை நம்பிச் செருகினால் பன்னிரண்டு வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய், மீட்க வந்ததே எரிந்துவிடும். எங்கள் பெட்டியின் இணைப்பானை அவர் ஒவ்வொரு முனையாக அளந்து ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் படம் வரைந்துகொண்டார். இரண்டு இடங்களில் அது வழக்கத்திலிருந்து விலகியிருந்தது.

மின்வழங்கியைத் திறப்பது எல்லோரும் செய்யக்கூடிய காரியம் அல்ல. இதை வாசிக்கும் யாரும் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியை எடுக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக்கப்படும்போது சுமார் 325 வோல்ட்டாகிப் பெரிய மின்தேக்கிகளில் தங்குகிறது. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். அண்ணாச்சி ஒரு குண்டு பல்பின் இரு கம்பிகளையும் மின்தேக்கியின் முனைகளில் வைத்தார். இழை ஒருமுறை மினுங்கி அணைந்தது. “பாத்தியளா. இது உங்க கையில போயிருக்கும்” என்றார்.

உள்ளே கிடைத்த விடை எளியது. விழித்திருக்கும் சுற்றின் வெளிப்புறத்தில் இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. அதைக் காட்டிலும் முக்கியமான குற்றவாளி வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது: வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டின் ஓரத்தில் நின்ற, நிலக்கடலை அளவே உள்ள 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அளந்தபோது ஆறு மைக்ரோஃபாரட்தான் தேறியது. விழித்திருக்கும் சுற்றைக் கட்டுப்படுத்தும் சில்லுக்கு முதல் மூச்சைக் கொடுப்பது அதுதான்.

இந்த மின்தேக்கிகளுக்குள் ஒரு திரவத்தில் ஊறிய தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தில் அந்தத் திரவம் மெல்ல ஆவியாகிறது. வெப்பநிலை பத்து பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட ஒன்று 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். அதாவது நான்கு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. எங்கள் வழங்கி 11 ஆண்டுகள், ஏறக்குறைய 96,000 மணி நேரம், மின்னிணைப்பில் இருந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் வந்த மின்தேக்கிகளுக்குத் தனிக் கெட்ட பெயரும் உண்டு. 1999க்கும் 2007க்கும் இடையே உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் அவை உப்பி ஒழுகின. திரவத்தின் செய்முறை ஒரு நிறுவனத்திலிருந்து அரைகுறையாகத் திருடப்பட்டதால் வந்த வினை என்று ஒரு கதை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கதை முழு உண்மையோ இல்லையோ, உப்பிய தலைகள் உண்மை.

2017இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது எப்படி ஓடாமல் போயிற்று என்பதுதான் எங்களை உறுத்திய கேள்வி. பரணில் யாரும் தொடவில்லை. அண்ணாச்சிக்கு இதில் புதிர் ஏதுமில்லை. அந்தச் சின்ன மின்தேக்கியின் வேலை தொடக்கத்தில்தான்; சுற்று ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் தன்னைத் தானே போஷித்துக்கொள்ளும். வற்றிய மின்தேக்கியுடனும் அது ஆண்டுக்கணக்கில் ஓடும். நிறுத்திவிட்டால் மறுபடி தொடங்காது. “நடந்துகிட்டே இருக்க வயசாளு நடப்பாரு. உக்காந்தா எந்திரிக்க முடியாது” என்றார். அவர் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னாரா பெட்டியைப் பற்றிச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்று மின்தேக்கிகளும் சேர்ந்து முப்பது ரூபாய்க்குள்தான். ஜங்ஷன் கடைக்காரர் 85 பாகை வகையைக் கொடுத்தார். அண்ணாச்சி அதைத் திருப்பி அனுப்பி 105 பாகை வகைக்காக ஒரு நாள் காத்திருந்தார். பற்றவைத்து முடித்த பின்னும் நேரடியாகச் சுவரில் செருகவில்லை. பல ஆண்டு சும்மா கிடந்த பெரிய மின்தேக்கிகளின் உட்படலம் மெலிந்திருக்கும். திடீரென்று முழு மின்னழுத்தம் ஏறினால் வெடிக்கவும் கூடும். தொலைக்காட்சிக் காலத்து ‘சீரீஸ் லாம்ப்’ ஒன்றை எடுத்துவந்தார். மின்பாதையில் தொடராக ஒரு நூறு வாட் குண்டு பல்பு. உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்வழங்கி பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். (குண்டு பல்பு இப்போது கடைகளில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. கையிலிருந்த மூன்றையும் அவர் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்.) செருகினார். பல்பு மின்னி மங்கியது. ஊதாக் கம்பியில் 5.08 வோல்ட்.

பலகையோடு இணைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. அறையில் கைதட்டல்கூட எழுந்தது. பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் எல்லாம் ஒருமுறை உறுமி, அரைச் சுற்றுச் சுற்றி, நின்றுவிட்டன.

மின்சாரம் ஏறத் தொடங்கி உடனே வெட்டப்படுகிறது என்றால் எங்கோ அளவுக்கு மீறி இழுக்கப்படுகிறது என்று பொருள். மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளக் கதவை மூடிவிடுகிறது. அப்படி மூடிக்கொண்டபின் சுவரிலிருந்து கழற்றிச் சற்று நேரம் விட்டுத்தான் மறுபடி முயல முடியும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து நிமிடம். தேவையற்றவை அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒரு செயலி, ஒரு நினைவகப் பட்டை என்ற குறைந்தபட்ச நிலைக்கு இறங்க வேண்டும். பிணைய அட்டை கழன்றது. அதே அரைச் சுற்று. இரண்டாவது செயலி, நினைவகம், அதே. கட்டுப்பாட்டு அட்டையைக் கழற்றும்போது யாரும் பேசவில்லை. பழுது அதில் இருந்தால் ஒன்பது கதைகளுக்கும் செல்லும் கதவு அத்துடன் அடைபட்டுவிடும். கழற்றி, ஐந்து நிமிடம் காத்து, அழுத்தினோம். மறுபடி அரைச் சுற்று. ஒன்று தோற்றுப்போனதற்காக நாங்கள் மகிழ்ந்த மாலை அது ஒன்றுதான்.

கடைசியாக, வன்தட்டுகளுக்கும் நாடா இயக்கிக்கும் செல்லும் மின்கம்பிகளைப் பிடுங்கினோம். விசிறிகள் நின்றுவிடாமல் சுழன்றன. அரிசி ஆலைக்குள் நின்றால் கேட்கும் இரைச்சல். வழங்கிகள் எழும்போது அப்படித்தான் கத்தும் என்பதை மறந்தே போயிருந்தோம். இனிக் குறை மூன்று தட்டுகளில் ஒன்றிலா, அவை செருகப்படும் பலகையிலா, நாடா இயக்கியிலா என்பதுதான். ஒரு தட்டு போனால் தாங்கலாம், இரண்டு போனால் முடிந்தது. முதலில் நாடா இயக்கியை மட்டும் சேர்த்துச் சோதித்தோம். அரைச் சுற்றில் நின்றது. அதைப் பிடுங்கிவிட்டுத் தட்டுகளைச் சேர்த்தோம். சுழன்றது. நாடா இயக்கியின் பலகையில் மஞ்சள் நிற டான்டலம் மின்தேக்கி ஒன்று குறுக்குச் சுற்றாகியிருந்தது. அவை பழுதாகும்போது பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்றார் அண்ணாச்சி. அச்சகத்தார் எப்போதோ கேட்டுப் பொருத்திய அந்த இயக்கியை யாரும் பயன்படுத்தியதாக நினைவில்லை.

திரை எழுந்தது. கடிகாரம் மறந்துபோன பெட்டி, தேதியை ஜனவரி 1 என்று காட்டியது. கட்டுப்பாட்டு அட்டை மூன்று தட்டுகளையும் தேடி, இரண்டு இருக்கின்றன, ஒன்று பதில் தரவில்லை, இந்நிலையில் தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம் என்றோம். எஞ்சிய இரண்டில் ஒன்று சுழலும்போது உலோகம் உரசும் மெல்லிய ஒலி வந்துகொண்டிருந்தது.

எதை முதலில் எடுப்பது என்று ஒரு வாக்குவாதம் எழுந்தது. இலக்கிய வட்டங்களில் இது தவிர்க்க முடியாதது. குரல்தான் முதலில் என்றார்கள் சிலர். கணக்கு வேறு விதமாகச் சொன்னது. தட்டச்சு செய்த எழுத்துகள் எல்லாம் சேர்ந்து 120 மெகாபைட். சில நொடிகளின் காரியம். ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு 600 மெகாபைட்டுக்கு மேல். 41 மணி நேரம் ஏறக்குறைய 26 கிகாபைட். எழுத்து முதலில் போனது. பிறகு ஒன்பது கதைகள் இருந்த ஒலிக்கோப்புகள், பிறகு மற்றவை. பிணையக் கம்பி வழியாக ஒரு மடிக்கணினிக்கு, அங்கிருந்து உடனுக்குடன் இன்னொரு தட்டுக்கு. எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அதுவரை யாரும் மேசையில் கைவைக்கவில்லை.

எழுத்துக் கோப்புகளைத் திறந்தபோது வேறொரு காலம் எழுந்து நின்றது. பெரும்பாலானவை திஸ்கி குறியேற்றம். அச்சகத்திலிருந்து வந்தவை தாப். சில எந்த எழுத்துருவுக்குரியவை என்று எழுத்துருவே இருந்தாலன்றிச் சொல்ல முடியாதவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் திஸ்கியில் வந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு தாம், தாப் ஆகியவற்றைத் தரமாக்கியது. 2010இல் அரசும் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதிய எவர் கோப்புறையிலும் இந்தக் குழப்பம் ஒரு படிவமாகத் தங்கியிருக்கும். திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும்: ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. மாற்றும் நிரல்கள் உண்டு. ஆயினும் வரி முறிந்த இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழுந்திருந்தால் நிரல் தடுமாறும். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வழங்கியை அன்றிரவே நிறுத்தினோம். உரசிய தட்டு மறுநாள் எழவில்லை. பெட்டி இப்போது அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மின்வழங்கியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வோல்ட் நன்றாக வருகிறதாம்.

ஒன்பது கதைகளில் ஏழு எழுத்தில் இறங்கிவிட்டன. எட்டாவதில் ஒரு சிக்கல். 2008இல் பதிவானது. தமிழகம் முழுக்க மின்வெட்டு இருந்த ஆண்டு. கதையின் பாதியில் விசிறிச் சத்தம் நிற்கிறது. யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். மெழுகுவத்தி எங்கே என்று ஒரு குரல். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடியதால் நிற்கவில்லை. சற்று நேர மௌனத்துக்குப் பின் ஆசிரியர், “சரி, மிச்சத்தச் சொல்லிருதேன்” என்று இருட்டிலேயே தொடர்கிறார். அதுவரை எழுத்துத் தமிழில் வந்த கதை, அங்கிருந்து நெல்லைப் பேச்சில் போகிறது. வாசித்த பகுதியில் பெயரில்லாமல் இருந்த பெண்ணுக்குச் சொன்ன பகுதியில் பெயர் இருக்கிறது. முடிவில் ஒரு சிறு சம்பவம் கூடுதலாக வருகிறது; அது தாளில் இருந்ததா, அப்போது தோன்றியதா என்று அறிய வழியில்லை.

முதற்பாதியின் நடைக்கு ஏற்ப இரண்டாம் பாதியைத் திருத்தி எழுதிவிடலாம் என்று எங்களில் இருவர் சொல்கிறார்கள். அப்படியே அச்சிட்டு, மின்சாரம் போன இடத்தில் ஒரு வரி இடைவெளி மட்டும் விட்டால் போதும் என்று மற்றவர்கள். மகளிடம் கேட்டோம். அவர் அந்தப் பகுதியை இருமுறை கேட்டுவிட்டு, மெழுகுவத்தி கேட்ட குரல் யாருடையது என்று மட்டும் எங்களைக் கேட்டார்.